பயோடேட்டாவில் எழுதிய செஸ்

கல்யாண பயோடேட்டாவில் 'பொழுதுபோக்கு' என்ற இடத்தில் உண்மையை எழுதிய மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. நான் 'செஸ்' என்று எழுதினேன். (“தூங்குறதுன்னு போட்டா எவன்டா பொண்ணு குடுப்பான்?” என்றது அம்மாதான்.) காய்கள் எப்படி நகரும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

திருவான்மியூரில் பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், பெண்ணும் செஸ் ஆடுவாள் என்று தரகர் சொல்லிவிட்டார். தரமணியில் ஆபீஸ் முடிந்து ரயிலில் வரும்போதே வீடியோ பார்த்து இத்தாலியன் ஓப்பனிங்கை மனப்பாடம் செய்தேன். மொத்தம் ஐந்து நகர்த்தல்.

ரீட்டாவைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அவள் அப்பா கணக்கு வாத்தியார். பள்ளியில் செஸ் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான் என்பது உட்கார்ந்த பிறகே தெரிந்தது.

“தனியா பேசி இன்னா தெரிஞ்சிக்கப் போறீங்க? ஒரு ஆட்டம் போடுங்க” என்று பால்கனியில் பலகையை விரித்துவிட்டு உள்ளே போனார்.

அவள் என்ன ஆடினாலும் என் ஐந்தையும் வரிசையாக ஆடினேன். மூன்றாவதிலேயே என் குதிரையை ஒரு சிப்பாய் வெட்டியது. வீடியோவில் அந்தக் குதிரை கடைசிவரை இருந்தது.

“இத்தாலியனா?” என்றாள்.

“ஆமாங்க” என்றேன், அங்கேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி.

ஆறாவதிலிருந்து ஆண்டவர் விட்ட வழி. ஆச்சரியமாக, அவள் ராணியே என் கையில் சிக்கியது. பிறகு யானைகள். நமக்குள்ளும் ஏதோ திறமை இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெட்டி வெட்டிக் கடைசியில் இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சினார்கள். நான் விடவில்லை. என் ராஜாவை வைத்து அவள் ராஜாவைத் துரத்து துரத்தென்று துரத்தினேன். அவளும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தாள்.

காபியோடு வந்த அவள் அப்பா பலகையைப் பார்த்தார்.

“தம்பி, இன்னா பண்றீங்க?”

“ஜெயிக்கப் பாக்கறேன் சார்.”

“ரெண்டு ராஜா மட்டும்னா டிரா. ஆட்டம் முடிஞ்சி எப்பவோ ஆச்சி.”

அது கூடம்வரை கேட்டது. அம்மா கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தாள். இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சம்மதம் என்று ஃபோன் வந்தது. மாதா கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, அவளிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

“ஆனாலும் உங்க ராணிய நான் வெட்டினேன்ல?”

“நான் வெட்டக் குடுத்தேன். ஏழாவது மூவ்லயே முடிச்சிருப்பேன். அப்பா முன்னாடி தோத்துட்டு, திரும்ப வராமப் போய்ட்டீங்கன்னா?”

எட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் ரீட்டாவோடு ஏதாவது வாக்குவாதம் வந்து, நான் மட்டும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தால், எங்கள் ஆறு வயது மகள் அவள் தாத்தா குரலில் சொல்வாள்:

“தம்பி, ஆட்டம் முடிஞ்சி எப்பவோ ஆச்சி.”