பட்டாசுக் கம்பெனியில் நான் புல் வெட்டியது

காலை பத்து பதினாலு. முதலில் என் கண்ணில் பட்டது ஒரு தூக்குவாளி. அது கம்பி வேலிக்கு மேலே பறந்து வந்து, கருவேலம் புதரில் விழுந்து, மூடி திறந்து, புளிச்சோற்றைக் கொட்டியது. அடுத்து அதன் சொந்தக்காரி மாரியக்கா கேட் வழியாக வெளியே வந்தார். மூட்டுவலி என்று வேன் படியில் இறங்கவே இரண்டு பேரைப் பிடித்துக்கொள்பவர், சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் மொத்தக் கம்பெனியும் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். வாயும் அசைந்தது. என் காதில் பஞ்சு இருந்தது. தோளில் மாட்டியிருந்த புல் வெட்டும் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

அரைநாள் மல்லுக்கட்ட வேண்டிய வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். அந்த அதிசயத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்தேன். பதிலுக்குக் கையசைத்தேன். (சிரித்துக்கொண்டே.)

கம்பெனி என் அக்காவின் கணவருடையது. எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையைக் கம்பெனி என்றுதான் சொல்வோம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மானாவாரிக் காட்டுக்கு நடுவே, தள்ளித் தள்ளிக் கட்டிய சிறிய அறைகள், சுற்றிலும் கம்பி வேலி. செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த காலம் அது. நான் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். விடுப்பில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன்.

ஆடி மாதம். தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்தது. லைசென்ஸ் புதுப்பிப்பதற்காக மறுநாள் அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்திருந்தது. வேலியைச் சுற்றிக் காய்ந்த புல் நின்றால் கையெழுத்து கிடைக்காது. கையெழுத்து இல்லையென்றால் கம்பெனியைப் பூட்ட வேண்டும், அத்தானுக்கு அந்த வருடத் தீபாவளி அத்தோடு முடிந்தது. வழக்கமாக ஊர்ப் பெண்கள் அரிவாளால் அறுத்துவிடுவார்கள். சீசனில் யார் வருவார்கள்? பீஸ் கணக்கில் கூலி வாங்குகிற கை, திரியை விட்டுவிட்டுப் புல்லைப் பிடிக்காது. அதனால் அத்தான் ராஜபாளையத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் உறவினரிடம் பெட்ரோலில் ஓடும் புல் வெட்டும் மெஷினை இரவல் வாங்கி வந்திருந்தார். வேலிக்கு வெளியே மட்டும் ஓட்டுவது என்று ஏற்பாடு.

மெஷின் ஓட மறுத்தது.

"கெளம்புது. முறுக்குனா முக்கி முக்கி நின்னுபோகுது" என்றார் அத்தான், காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு. "மெக்கானிக்கு நாளைக்குத்தான் வருவானாம். நாளைக்கு வந்து என்ன செய்ய?"

"என்கிட்ட விடுங்க அத்தான். எனக்கு இது அத்துப்படி."

அக்கா தோசைக்கல்லிலிருந்து தலையைத் திருப்பினாள். "ஏட்டி, மிக்ஸி ஜார மாட்டுறதுக்கே நீ பக்கத்து வீட்டு ஆளக் கூப்புடுவ."

"இதப் பத்திப் பத்திரிகையில கட்டுரையே வந்திருக்கு."

"எழுதுனது நீயா?"

"திருத்துனது."

அது உண்மை. எங்கள் விவசாய இணைப்பில் வாரம் ஒரு பழுதுநீக்கும் கட்டுரை வரும். ஸ்பானர் என்ற பொருளைக் கையால் தொடாமலேயே நான் பம்புசெட், விசைத்தெளிப்பான், புல் வெட்டும் மெஷின் எல்லாவற்றுக்கும் எழுத்துப்பிழை நீக்கியிருந்தேன். பிழை நீக்கத் தெரிந்தவளுக்குப் பழுது நீக்கத் தெரியாதா என்பது என் கணக்கு.

அத்தான் காகிதம் எடுக்கச் சிவகாசி கிளம்பினார். போகும்போது என்னைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, போர்மேன் பால்ராஜ் அண்ணனிடம் ஒப்படைத்தார். வாசலில் ஒரு போர்டு: தீப்பெட்டி, பீடி, சிகரெட், செல்போன் உள்ளே கொண்டுவரக் கூடாது. பக்கத்தில் செல்போனைப் போட ஒரு மரப்பெட்டி. நான் ஒழுங்காகப் போனைப் பெட்டியில் போட்டேன். அன்று நான் கடைப்பிடித்த ஒரே பாதுகாப்பு விதி அதுதான்.

கட்டுரையில் முதல் படி ஸ்பார்க் பிளக். கழற்றினேன். பிளக்கை என்ஜின் உடம்பில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்தால் முனையில் பொறி தெரிய வேண்டும். பெட்ரோல் டேங்க் ஒரு சாண் தள்ளி இருந்தது. நான் உரக்கச் சொன்னேன்: "அண்ணே, நான் இழுக்குறேன். பொறி வருதான்னு பாருங்க!"

கேட்டுக்குள் டிராலி தள்ளிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என்ன வரணும்?" என்றார் பால்ராஜ் அண்ணன்.

"பொறி. நல்லா நீலமா வரணும்."

"தாயி, கம்பெனி வாசல்ல நின்னுக்கிட்டுப் பொறி வரணும்னு இதுவரைக்கும் எவனும் கேட்டதில்ல. தூக்குங்க மொதல்ல."

ரோட்டைத் தாண்டி, ஒரு தரிசுக் காட்டின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். அங்கே நான் கயிற்றை இழுத்தேன். பிளக்கின் எந்தப் பாகத்தைப் பிடிக்க வேண்டும் என்று கட்டுரையில் தெளிவாக இருந்தது. நான் அடுத்த பாகத்தைப் பிடித்திருந்தேன். தோள்பட்டை வரைக்கும் சுளீரென்று ஏறியது.

"வருது" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்து காற்று வடிகட்டி. தட்டினேன், அரைப்படி தூசி கொட்டியது. பழைய பெட்ரோலைக் கீழே கொட்டிவிட்டுப் புதிதாக ஆயில் கலந்து நிரப்பினேன். இயக்கினால் அதே முக்கல். கடைசியாகச் சைலன்சரைப் பிரித்தேன். உள்ளே புகை வெளியேறும் இடத்தில் காசு அகலத்துக்கு ஒரு கம்பி வலை, கரி அடைத்துத் தீய்ந்த அப்பளம் போல இருந்தது. ஊதினேன், போகவில்லை. குச்சியால் குத்தினேன், போகவில்லை. வலையை எடுத்துச் சுரிதார் பையில் போட்டுக்கொண்டு, வலை இல்லாமலே சைலன்சரை மூடினேன். கயிற்றை இழுத்ததும் மெஷின் அலறியது. முறுக்க முறுக்க ஏறியது.

"அந்த வலைய மாட்டலையா?" என்றார் பால்ராஜ் அண்ணன்.

"அதுதான் அண்ணே நோயே. நோயை யாராவது திரும்ப மாட்டுவாங்களா?"

அதற்குள் அவரை உள்ளே லோடு ஏற்றக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வேலியின் பின்மூலையில் ஆரம்பித்து, கேட்டை நோக்கி வெட்டிக்கொண்டே வந்தேன். காற்று எதிரிலிருந்து வேலிப் பக்கமாகச் சாய்ந்து அடித்தது. இடுப்பு உயரப் புல் மடமடவென்று சாய்ந்தது. பத்திரிகை வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் தூக்குவாளி.

கையசைத்த என்னை நோக்கிப் பால்ராஜ் அண்ணன் சிவப்பு வாளியோடு ஓடி வந்தார். நின்றார். வாளி மணல் முழுவதையும் என் மேலேயும் மெஷின் மேலேயும் கொட்டினார். மெஷின் நின்றது. பஞ்சை எடுத்தேன். உள்ளே மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"பின்னாடி!" என்றார். "பின்னாடி பாருங்க தாயி!"

திரும்பினேன். நான் வெட்டி வந்த பாதையில் தட்டு அகலத்துக்குக் கறுப்பு வட்டங்கள், விட்டு விட்டு. பின்மூலைக்குப் போகப் போக அவை பெரிதாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, சேர்ந்த இடத்தில் நெருப்பு நின்றது. ஆடிக்காற்று அதை வேலியை நோக்கிப் படுக்கவைத்துத் தள்ளியது. வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், வெடிமருந்து கலக்கும் அறை.

நான் நகரவில்லை. உதவினேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். மெஷினைத் தோளில் மாட்டியபடி நின்றேன். தலைக்குள் ஒரு செய்தி மட்டும் தானாக ஓடியது: 'கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று கூறப்படுகிறது.' எத்தனையோ முறை நான் ஒப்பேற்றி அனுப்பிய வரி. யாருடைய கவனக்குறைவு என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

ஈரச்சாக்கோடு ஓடினார்கள். மணல், தண்ணீர், மறுபடி மணல். வேலிக்கு உள்பக்கம் அத்தான் இரண்டு கையையும் விரித்த அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் மணல் விரித்து வைத்திருந்தார். நெருப்பு அதன் விளிம்பு வரை வந்து, போவதற்கு இடமில்லாமல் படுத்தது. மாரியக்கா கடைசிக் கங்கைச் சாக்கால் அடித்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"நாங்க கத்துறோம், நீ டாட்டா காட்டுற. எங்கள வழியனுப்பவா வந்த?"

அத்தான் பைக்கில் வந்து சேர்ந்தபோது புகை மட்டும்தான் மிச்சம். "ஆளுக எல்லாம் வெளிய வந்தாச்சா?" என்று கேட்டார். வந்தாச்சு, யாருக்கும் ஒன்றும் இல்லை என்றதும் வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு விளக்கம் சொல்வதற்காகப் பையிலிருந்து வலையை எடுத்தேன். எடுத்தபோதுதான் கட்டுரையின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. 'வலையைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டவும். தீப்பொறி வெளியே வராமல் தடுப்பது அதுவே.' அச்சில் அந்த வரி வரவில்லை. பக்கத்தில் இடம் போதாமல் அதை வெட்டியவள் நான்.

அன்று மதியத்துக்குமேல் யாரும் திரியைத் தொடவில்லை. மிச்சப் புல்லை அறுக்க எல்லோரும் அரிவாளை எடுத்தார்கள். அக்காவும் வந்தாள். என் கையில் அரிவாள் தர மாரியக்கா சம்மதிக்கவில்லை. அறுத்த புல்லை அள்ளிக் கொட்டும் வேலைதான் எனக்கு.

மறுநாள் அதிகாரி வந்தார். கருகிய இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அத்தான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அதிகாரி என்னை ஒருமுறை பார்த்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பத்திரிகையில."

"அதையே பாருங்க."

வேலியை முழுக்கச் சுற்றி நடந்தார், மணலைக் காலால் கிளறிப் பார்த்தார், வெகுநேரம் எழுதினார். கடைசியில் கையெழுத்துப் போட்டார், ஒரு நிபந்தனையோடு: வாசல் போர்டில் பெட்ரோல் மெஷினையும் சேர்க்க வேண்டும்.

அந்த வாரமே பெயின்டர் வந்தார். பால்ராஜ் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினார். தண்ணீர் குடிக்க வந்த மாரியக்கா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மெஷின் என்ன செய்யும் பாவம்? ஓட்டுன ஆள எழுதுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். பெயின்டர் வெளியூர்க்காரர். அதையும் முதலாளி சொன்னதாக எடுத்துக்கொண்டு, பெயர் என்ன என்று விசாரித்து, கடைசி வரியில் சிவப்பில் எழுதினார்: செல்வி.

அத்தான் அதைப் பார்த்தார். தீப்பிடித்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். அழிக்கச் சொல்லவில்லை. இன்றும் கல்யாண வீட்டுப் பந்தியில் அக்கா என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "இவ என் தங்கச்சி. நம்ம போர்டுல இருக்காளே, அவ."

போர்டு அதன் பிறகு இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டது. இரண்டாவது முறை இடம் போதாமல் 'சிகரெட்'டை எடுத்துவிட்டார்கள். என் பெயர் இருக்கிறது.