முன்னறைப் பருத்தியும் மூன்றாம் பக்க நிபுணரும்

நீள இழைப் பருத்தி விவசாயிகள் சங்கச் செய்திமடலின் மதிப்பிற்குரிய ஆசிரியரும், என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணனும், பதினொரு வருடமாக என் அலுமினிய ஏணியைத் திருப்பித் தராதவருமான மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் பூனையும் அதன் மூன்று குட்டிகளும் நலம். அங்கு நீங்களும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உங்கள் மனைவியும், ஐந்து வாரமாக உங்கள் வீட்டில் தங்கியிருக்கும், நான் குறிப்பிட விரும்பாத அந்த விருந்தாளியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உறவினன் என்ற முறையில் எழுதவில்லை. சந்தா கட்டிய வாசகன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆகவே வாசகர் பகுதியில் வெட்டாமல் வெளியிட வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் இழை நீளத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையின் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் மருந்து தெளிப்பான் விளம்பரத்தைப் போட்டீர்கள். கட்டுரையின் முடிவே அந்தப் பத்தியில்தான் இருந்தது. சங்கக் கூட்டத்தில் இன்றும் ஒருவர் விடாமல் என்னிடம் தெளிப்பான் என்ன விலை என்று கேட்கிறார்கள். அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். சொல்ல வந்தது வேறு.

சொல்ல வந்தது, எனக்கு ஒன்றுமே புரியவில்லை என்பதுதான். நான் பட்டம் வாங்கியவன். உங்கள் மடலின் எட்டுப் பக்கத்தையும் கையில் பென்சிலோடு படிக்கிறவன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். எதிர்வீட்டு டிராக்டர்க்காரர் மடலைப் பிரிப்பதே இல்லை. வந்த சுருளை அப்படியே வைத்து ஈ அடிக்கிறார். அவர் பருத்தி பறித்த வாரமே மொத்தத்தையும் விற்றுவிட்டு, தினமும் மாலையில் வாசலில் நாற்காலி போட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறார். எட்டுப் பக்கம் படித்த நான் உட்கார இடமில்லாமல் நிற்கிறேன். என் நாற்காலிகள் நாலும் பருத்திக்கு அடியில் கிடக்கின்றன.

பருத்தி எப்படி அங்கே போயிற்று என்று கேட்பீர்கள். கடைசிப் பறிப்பு முடிந்த வாரம் அடித்த காற்றில் கொட்டகையின் தகரம் இரண்டு பறந்துபோனது. ஏணி இருந்திருந்தால் அன்றைக்கே ஏறிச் சரிசெய்திருப்பேன். ஏணி யாரிடம் இருக்கிறது என்பதை மீண்டும் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்ததால், இரண்டே வாரத்துக்கு என்று சொல்லி, பருத்தியை வீட்டு முன்னறைக்கு மாற்றினோம். சாதாரணப் பருத்தியாக இருந்தால் சாக்கில் கட்டி அடுக்கியிருக்கலாம். நம்முடையது நயம் பருத்தி. சாக்கிலிருந்து ஒரு நைலான் நூல் கலந்தாலும் ஆலைக்காரன் மொத்தத்தையும் தள்ளிவிடுவான். அதனால் வெள்ளைத் துணி விரித்துக் குவியலாகவே போட்டோம். குவியல் முதலில் சன்னல் உயரம் இருந்தது. பிறகு அதுவாகவே சரிந்து சோபாவைப் பிடித்தது, தொலைக்காட்சியைப் பிடித்தது, நடைவழிக்குள் தலைநீட்டியது.

அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே தரகர் வந்தார். உங்களுக்குத் தெரியும், பாதி வாயால் மட்டும் சிரிப்பவர். ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்து, இரண்டு கையாலும் இழுத்து இழுத்துச் சீவி, இழைகளை நேராக்கி, தன் கறுப்புக் கைக்குட்டையின் மேல் வைத்துப் பார்த்தார். “ஐயா, பட்டு மாதிரி இருக்கு. இப்பவே ஏத்திடலாம்” என்று நல்ல விலையும் சொன்னார். நான் கையை நீட்டியிருப்பேன். ஆனால் அன்று காலை வந்த இதழின் மூன்றாம் பக்கத்தில், ‘அனுபவம் பேசுகிறது’ என்ற கட்டத்துக்குள், பெயர் வெளியிட விரும்பாத மூத்த விவசாயி ஒருவர் சொல்லியிருந்தார்: “தரகர் சிரித்துக்கொண்டு வந்தால் விலை ஏறப்போகிறது என்று பொருள். அவசரப்பட வேண்டாம்.” தரகர் பாதிதான் சிரித்தார் என்றாலும், நான் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மச்சான், அந்த நிபுணரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் எட்டுப் பக்கத்தில் உருப்படியான பக்கம் அவருடையது ஒன்றுதான். மற்றப் பக்கங்களைப் படித்தால் தலை சுற்றுகிறது. “சந்தை மந்தமாகவும் அதே சமயம் உறுதியாகவும் காணப்படுகிறது” என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். நான் மந்தமாக இருக்க வேண்டுமா, உறுதியாக இருக்க வேண்டுமா? இரண்டாம் பக்கத்தில் வெளிநாட்டில் விளைச்சல் குறைவு, விலை ஏறும் என்கிறீர்கள். நான்காம் பக்கத்தில் அதே வெளிநாட்டிலிருந்து கப்பல் கப்பலாகப் பருத்தி வருகிறது, விலை இறங்கும் என்கிறீர்கள். விளையாத பருத்தி கப்பலில் எப்படி ஏறியது? இதைக் கேட்கத்தான் அன்று உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

“மாப்பிள்ளை, அது ரெண்டாம் பக்கம், இது நாலாம் பக்கம். பத்திரிகைன்னா நடுநிலை வேணாமா?”

“சரி, அந்த மூணாம் பக்கத்துக்காரர் யாரு? அவர்கிட்டயே நேரா கேட்டுக்கறேன்.”

“பேரைச் சொல்ல மாட்டேன் மாப்பிள்ளை. நமக்கு ரொம்ப நெருங்கின இடம்.”

“படிச்சவரா?”

“படிச்சவர்தான். கொஞ்சம் கோபக்காரர். எதையும் மறக்க மாட்டார்.”

“அப்படிப்பட்ட ஆளைத்தான் நம்பணும்” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைக்கும்போது அந்தப் பக்கம் தங்கச்சி விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. உங்கள் வீட்டில் எப்போதும் ஏதாவது சிரிப்பு நடந்துகொண்டேதான் இருக்கிறது. இருக்கட்டும்.

அந்த மனிதரும் நானும் ஒரே மாதிரி யோசிக்கிறோம் என்பதுதான் ஆச்சரியம். ஒரு நாள் சாப்பிடும்போது உங்கள் தங்கையிடம், “ஆலைக்காரன் எத்தனை நாள் வாங்காம இருப்பான்? நீள இழைப் பருத்தி இல்லாம நல்ல படுக்கை விரிப்பு நெய்ய முடியாது. படுக்காத மனுஷன் எவன் இருக்கான்?” என்றேன். அடுத்த இதழில் நிபுணர் சொல்கிறார்: “மனிதர்கள் படுக்கும்வரை நயம் பருத்திக்குத் தேவை குறையாது.” நான் மேசையைத் தட்டி, “பார்த்தியா! நான் சொன்னப்ப உன் காதுல ஏறல. இப்ப பத்திரிகையிலயே போட்டிருக்கான். உங்க அண்ணன் பத்திரிகை!” என்று அவளிடம் நீட்டினேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “ஆமாங்க, ரெண்டு பேர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். அதில் சிரிக்க என்ன இருந்தது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உங்களோடு ஒரு மணி நேரம் போனில் பேசுகிறவள். அந்தப் பழக்கத்தில்தான் இப்படிக் காரணமில்லாமல் சிரிக்கிறாள் என்று விட்டுவிட்டேன். நிபுணரே என் பக்கம் இருக்கும்போது எனக்கென்ன கவலை? பிடித்து வைத்தேன். அடுத்த மாதம் அவரும் பிடித்து வைக்கச் சொன்னார். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அதற்கடுத்த மாதம் அவரும் இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இப்படியே நாலு மாதம் போய்விட்டது.

இதற்கிடையில் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேநீரில் பஞ்சு மிதந்தது. தலையணையைத் தட்டினால் விதை உதிர்ந்தது. என்னைப் பார்க்க வந்த சங்கத் தலைவர், சோபா என்று நினைத்துக் குவியலில் உட்கார்ந்து மார்புவரைக்கும் உள்ளே போய்விட்டார். அந்த நிலையிலேயே, ‘சந்தை நிலவரம் எப்படி?’ என்று அவரை விசாரித்தேன். அவரைத் தூக்கி எடுத்ததிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு பூனை வந்தது. வயிற்றைப் பார்த்ததுமே உங்கள் தங்கை எச்சரித்தாள். நான் அந்தச் சமயம் ஐந்தாம் பக்கத்தில் இருந்தேன். ஒரு வாரம் கழித்துக் குவியலின் நட்டநடுவே மூன்று குட்டிகள். குட்டிகள் கண் திறந்த அன்று காலை, கையில் பெட்டியோடு அவள் வந்து நின்றாள்.

“பூனைக்குட்டிக்கே கண்ணு திறந்திடுச்சு. உங்களுக்கு எப்பங்க திறக்கும்?”

“இன்னும் ஒரு இதழ் பார்த்துக்கலாம்னு…”

“நல்லா பாருங்க. பருத்தி வெளிய போற அன்னிக்கு நான் உள்ள வரேன்.”

போகும்போது துணி அலமாரியின் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறதியா, வேண்டுமென்றேவா என்று கேட்டு நான் போன் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். ஐந்து வாரமாக இரண்டே சட்டையை மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டுக்கொள்கிறேன். நயம் பருத்தி விளைவிக்கிறவன் தோளில் கிழிந்த பாலியெஸ்டர் சட்டை.

போன வாரம் தரகர் மறுபடியும் வந்தார். வாசலிலேயே நின்று, நடைவழியில் கிடந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து, சீவி, கறுப்புக் கைக்குட்டையில் வைத்தார். பழுப்பேற ஆரம்பித்திருக்கிறது என்றார். பிறகு ஒரு இழையைத் தனியாகப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“ஐயா, இது நல்ல நீளம். ஆனா இது பருத்தி இல்ல, பூனை முடி.”

“ஒண்ணு ரெண்டு இருக்கும்.”

“அதைப் பொறுக்கறதுக்கு நாலு ஆள் வைக்கணும். அதையும் சேர்த்து ஒரு விலை சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.” சொன்னார். முதலில் சொன்னதைவிடக் குறைவுதான், அடிமாட்டு விலை என்று சொல்ல முடியாது. யோசிக்க ஒரு வாரம் கேட்டேன். உங்கள் தெருவில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி, என் கிழிந்த தோளைப் பார்த்துக்கொண்டே போனார். நிபுணரிடம் கேட்காமல் எப்படி முடிவெடுப்பது?

இங்கேதான் என் முக்கியமான புகார் வருகிறது. போன இதழில் மூன்றாம் பக்கம் காலி! ‘அனுபவம் பேசுகிறது’ இருக்க வேண்டிய கட்டத்தில் அதே பழைய தெளிப்பான் விளம்பரம். என்ன ஆயிற்று அவருக்கு? நாலு மாதம் ஒரு மாதம் கூடத் தவறாமல் பேசியவர், என் மனைவி வீட்டை விட்டுப் போன அதே மாதமா வாயை மூடிக்கொள்ள வேண்டும்? எனக்கென்று பார்த்து எல்லாம் ஒரே நேரத்தில்தான் நடக்கும். அவருக்கு உடம்பு சரியில்லையா, அல்லது அவருடைய பத்தியையும் கடைசியில் வெட்டிவிட்டீர்களா? வீட்டில் பேச ஆளில்லை. பூனையிடம் சந்தை நிலவரத்தைச் சொல்கிறேன். அது அடுத்த மாதம் எதிலும் அச்சாகி வருவதில்லை.

ஆகவே இறுதியாக என் முடிவைத் தெரிவித்துக்கொள்கிறேன். நிபுணர் வாயைத் திறக்கும்வரை ஒரு கைப்பிடிப் பஞ்சு கூட இந்த வீட்டை விட்டு வெளியேறாது. தரகரை இனி வாசற்படி ஏற விடமாட்டேன். என் சந்தாவை இந்த இதழோடு நிறுத்திவிடவும். ஏணியை ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பவும். உங்கள் வீட்டு விருந்தாளி எத்தனை மாதம் வேண்டுமானாலும் அங்கேயே இருக்கட்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, வெந்நீர் வைக்கக் கற்றுக்கொண்டேன்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லவும். நீங்கள் என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் உங்களை ஆசீர்வதிக்க முடியவில்லை; அந்த ஒரு காரணம்தான். எல்லோரும் தீர்க்காயுளோடு, உட்கார நாற்காலியோடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
எட்டுப் பக்கமும் படிக்கும் வாசகன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது புது இதழ் வந்தது. முதல் பக்கத்தில், இத்தனை மாதமாக நான் காத்திருந்த செய்தி: “நயம் பருத்தி விலை அடுத்த மாதம் நிச்சயம் உயரும்.” மந்தமும் இல்லை, அதே சமயமும் இல்லை. உடனே மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். நிபுணர் திரும்ப வந்துவிட்டார். அவர் சொல்கிறார்: “முன்னறையில் பருத்தி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே விற்றுவிட வேண்டும். பூனை உள்ள வீடுகளில் இது மிகவும் அவசரம். இரண்டாவது முறையும் வந்து கேட்ட தரகருக்கே கொடுக்கலாம், பாவம். விற்றபின் முன்னறையின் நீலத் திரைச்சீலையை ஊறவைக்கவும். சட்டையின் தோள்பட்டைக் கிழிசலைத் தாங்களே தைக்க முயன்று விரலைக் குத்திக்கொள்ள வேண்டாம்.”

மூன்று தடவை படித்தேன். பிறகு பழைய இதழ்களை எல்லாம் எடுத்து, மூன்றாம் பக்கத்தை மட்டும் வரிசையாக விரித்து வைத்துப் படித்தேன். ஒவ்வொரு வரியும் நான் சாப்பாட்டு மேசையில் உங்கள் தங்கையிடம் சொன்னது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் இன்னொரு தடவை படித்தேன். உட்கார இடமில்லை என்பது ஒரு காரணம்.

தரகருக்குச் சொல்லியாயிற்று. வியாழக்கிழமை லாரி வருகிறது. மேலே எழுதியிருப்பதை எங்கும் வெளியிட வேண்டாம். வேண்டுமானால் தெளிப்பான் விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள். சந்தாவை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்கவும். ஏணியையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். லாரி உங்கள் தெரு வழியாகத்தான் ஆலைக்குப் போகிறது. திரும்பும்போது காலியாக வரும். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைத் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நிபுணர் ஏறும்போது அலமாரிச் சாவியை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லவும்.