ஏழாம் நம்பர் வீட்டுப் பூட்டு

ஏழாம் நம்பர் வீட்டுப் பூட்டு அன்றைக்கென்று பார்த்துத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஏசுபாதம் தேங்காய் எண்ணெயை இன்னும் இரண்டு சொட்டு விட்டார், ஊதினார், சாவியைக் கெஞ்சலாகத் திருப்பினார். ம்ஹூம்.

மற்ற ஒன்பது வீட்டுப் பூட்டுகளும் சமர்த்தாகத் திறந்து மூடிக்கொண்டன. அவர் வீட்டுப் பூட்டுக்குத்தான் இத்தனை கிராக்கி.

அவர் வீடு என்று சொல்லலாம், தப்பில்லை. 1986-ல் அரசாங்கத் தொகுப்பு வீடுகளுக்குக் குலுக்கல் போட்டு, ‘ஏழாம் எண், ஏசுபாதம், காவலாளி’ என்று பேரூராட்சி ஆபீஸ் பலகையிலேயே ஒட்டினார்கள். எந்தப் பேரூராட்சி என்று கேட்காதீர்கள். ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், சண்டைக்கு வந்துவிடுவார்கள். இப்போது 1992. இந்த ஆறு வருஷத்தில் ஏசுபாதம் அந்த வீட்டில் ஒரு வாய் கஞ்சி குடித்ததில்லை. ஏனென்றால் திறப்பு விழா நடக்கவில்லை. மந்திரி தேதி கொடுத்தால் மழை வந்து பந்தல் விழுந்தது. மழை விட்டால் மந்திரியின் இலாகா மாறியது. இலாகா நிலைத்தால் ஆட்சியே மாறியது. வெட்டுவதற்கு வாங்கி வைத்த ரிப்பனைக் கரையான் அரித்தது. ரிப்பன் வெட்டாத வீட்டில் குடிபோக முடியுமா? அதனால் மாதம் ஒரு தடவை பத்துப் பூட்டுக்கும் எண்ணெய் விடுகிற வேலையை ஏசுபாதத்திடம் கொடுத்திருந்தார்கள். சொந்த வீட்டு வாசலில் சம்பளத்துக்கு நின்றார் மனுஷன்.

கடைசியில் பூட்டு திறந்துகொண்ட நேரம், செயல் அலுவலர் சாம்பசிவனின் மொபெட் வந்து நின்றது.

“யோவ் ஏசுபாதம்! தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டாங்கய்யா!”

“இன்னா சார் ஆச்சு?”

“டெல்லியிலேருந்து பார்லிமென்ட் கமிட்டி வருது. வெள்ளிக்கிழமை. உள்ளாட்சிக்குக் கொடுத்த நிதியெல்லாம் என்னாச்சுன்னு நேர்ல பார்க்கணுமாம். தொகுப்பு வீடு, மீன் குளம், ரெண்டும் லிஸ்ட்ல இருக்கு. இந்தியாவுல எத்தனை லட்சம் ஊர் இருக்கு! இந்த ஊரை எவன்யா பொறுக்கி எடுத்தான்?”

ஏசுபாதம் வீடுகளைப் பார்த்தார். ஆள் இல்லை. எதிரே குளத்தைப் பார்த்தார். மீன் இல்லை. போன ஐப்பசி மழையில் கரை உடைத்துக்கொண்டு, விட்ட குஞ்செல்லாம் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. இப்போது அதில் கணுக்கால் தண்ணீர்தான்.

“நீயும் உன் சம்சாரமும் அன்னிக்கு ஒரு நாள் ஏழாம் நம்பர்ல குடியிருந்து காட்டணும்” என்றார் சாம்பசிவன். “குளத்துல மீனும் இருக்கணும், அதுக்கும் நீதான் பொறுப்பு. அஞ்சு மணிக்குச் சாவி என் கைக்கு வந்துடணும். கமிட்டி சந்தோஷமா போச்சுன்னா இந்த வருஷமே திறப்பு விழா. ஏடாகூடமா ஒரு கேள்வி வந்துச்சு, திட்டமே ரத்து. உன் வீடும் கோவிந்தா.”

ஒரு நாள்! ஏசுபாதம் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார். பயத்தில் பாதி, ஆசையில் பாதி.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வாடகை அறைக்குப் போனபோது, மனைவி செல்வமேரி போஸ்ட் கார்டு எழுதிக்கொண்டிருந்தாள். வாரம் தவறாமல் ஒரு கார்டு.

“பொத்தேரி ரெண்டு ஸ்டேஷன் தள்ளி கீது. அருள்மேரியைப் போய்ப் பாத்துட்டு வர்றத விட்டுட்டு, தங்கச்சிக்கு கார்டு போட்டுகினு கீறியே!”

“எய்தினாத்தான் எனக்கு மனசு ஆறுது. நீ சோறு துன்னு.”

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் குதிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் கல்யாணப் புடவைக்குள் சுற்றி வைத்த கல்யாண போட்டோ. இந்த வீட்டுக்காரர் மட்டுமல்ல, இதற்கு முன்னால் இருந்த நாலு வீட்டுக்காரர்களும் ஒரே சட்டம்தான் போட்டிருந்தார்கள்: சுவரில் ஆணி அடித்தால் அன்றைக்கே காலி. பதினெட்டு வருஷமாக அந்தப் புருஷன் பெண்டாட்டி பெட்டிக்குள் இருட்டில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு ஆணி அடிக்கணும்யா. நம்ம செவுத்துல, நம்ம ஆணி” என்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

“ஒரே நாள்தான் மேரி. மறுபடி கழட்டணும்.”

“தெரியும். நீ போய் மீனைப் பாரு.”

மீனைப் பார்க்க ஏசுபாதம் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனார். ஐஸில் படுத்த வஞ்சிரமும் சங்கராவும் இருந்தன. திரும்பி வந்து சொன்னதும் சாம்பசிவன் தலையில் அடித்துக்கொண்டார். “நீந்துற மீன் வேணும்யா! செத்த மீனையா காட்டுறது?”

வண்டலூர்ப் பக்கம் சொந்தக் குளம் வைத்திருந்த சாலமோன் நாற்பது கட்லா மீன்களை டிரம்மில் அனுப்பச் சம்மதித்தார். இரவல்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்பதும் திரும்ப வேண்டும். சரி, மீன் கிடைத்தது. கணுக்கால் தண்ணீரில் அது எப்படி நீந்தும்? தெருவுக்குக் குடிதண்ணீர் கொண்டுவருகிற டேங்கர் லாரி இரண்டையும் சாம்பசிவன் குளத்துக்குத் திருப்பினார்.

சித்திரை வெயிலில் அதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் செய்ய முடியாது. லாரிக்குப் பின்னால் ஒன்பது பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். முன்னால் செல்லியம்மாள்.

“மன்சனுக்குத் தண்ணி இல்ல, மீனுக்கு லாரியா? இன்னா சார், கண்ணு அவிஞ்சு பூட்ச்சா?”

“அம்மா, தாயே, கத்தாதீங்க. நாளைக்கு நாலு லாரி விடுறேன். அதுக்குப் பதிலா ஒரே ஒரு உதவி. ஆளுக்கு ஒரு வீட்ல குடியிருக்கிற மாதிரி இருங்க!”

ஒன்பது வீட்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டது என்று அவர் கைதட்டாத குறை. ஆனால் குடியிருப்பது என்றால் சும்மாவா? வெள்ளிக்கிழமை காலையில் பாய், அடுப்பு, கோழிக்கூடு, ஆட்டுக்குட்டி, மாமியார் என்று சகலமும் வந்து இறங்கின. பத்து மணிக்கு அந்த ஒன்பது வீட்டிலிருந்தும் கமகமவென்று மீன் குழம்பு வாசனை. ஏசுபாதம் குளத்துக்கு ஓடினார். செல்லியம்மாள் பழைய புடவையை வலையாக விரித்து நின்றுகொண்டிருந்தாள்.

“ஐயோ அக்கா! அது இரவல் மீனு!”

“மீன் குளத்துப் பக்கத்துல வூடு கட்டிக் குட்த்து, வூட்டுல மீன் கொயம்பு இல்லேன்னா டெல்லிக்காரன் நம்புவானா? ஒதுங்கு!”

பதினோரு மணிக்கு மூன்று கார்கள் வந்தன. தலைவர் வடக்கத்திய அம்மாள். உயரமாக, கண்ணாடி போட்டு, அதிகம் பேசாதவர். கூடவே ஃபைலைக் கட்டிக்கொண்டு கிட்டு என்ற தமிழ்க் குமாஸ்தா, டெல்லிக்குப் போய் இருபது வருஷமாம். ஏசுபாதம் பொரியைத் தூவினார். மிச்சமிருந்த கட்லாக்கள் விசுவாசமாக மேலே வந்து வாயைத் திறந்தன. தலைவர் தலையாட்டினார். கிட்டு குழம்பு வாசனையில் கிறங்கிப்போய், “இந்தக் குளத்து மீனா?” என்று கேட்டுவிட்டார். வந்தது வினை. உறுப்பினர்கள் எட்டுப் பேருக்கும் ருசி பார்க்க ஆசை வந்தது. செல்லியம்மாள் மறுபடி புடவையை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள்.

கடைசியாக ஏழாம் நம்பர். வாசலில் கோலம், ஜன்னலில் பூப்போட்ட துணி. ஆறு வருஷத்துக்கு முன்னால், குலுக்கல் நடந்த வாரமே, ஜன்னலை முழம் போட்டு அளந்து செல்வமேரி தைத்து வைத்தது அது.

“எத்தனை வருஷமா இந்த வீட்டோட இருக்கீங்கன்னு தலைவர் கேக்கறாங்க” என்றார் கிட்டு.

சாம்பசிவன் கண்ணை உருட்டினார். ஏசுபாதமோ பொய் சொல்ல வராத பிறவி.

“ஆறு வருசமா நான்தான் சார் இந்த வூட்டைப் பாத்துகினு கீறேன்” என்றார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. கமிட்டி அதை நன்றிக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டிருக்கும் என்று சாம்பசிவன் நிம்மதியானார்.

அப்போது செல்வமேரி, “சார், செவுத்துல ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?” என்றாள்.

கிட்டு மொழிபெயர்த்தார். “உங்க வீட்ல ஆணி அடிக்க என்னை ஏன் கேக்கணும்னு தலைவர் சொல்றாங்க.”

அவ்வளவுதான். இடுப்பில் தயாராகச் செருகியிருந்த ஆணி வெளியே வந்தது. அம்மிக் குழவியால் நாலே போடு. போட்டோவை மாட்டினாள். வெள்ளைச் சுவரில் பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய ஏசுபாதம் கோட்டும் எண்ணெய்த் தலையுமாக வெளிச்சத்துக்கு வந்தார். தலைவர் போட்டோவைப் பார்த்தார், கரி படியாத சமையலறையைப் பார்த்தார், கிட்டுவைப் பார்த்தார். கிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். கார்கள் கிளம்பின.

ஐந்து மணிக்கு வாசலில் சாலமோனின் காலி டிரம்கள் நின்றன. குளத்தில் இருந்தது பதினோரு மீன். ஒன்பது வீட்டுக்காரிகளும், தண்ணீர் லாரி வந்தால்தான் சாவி என்று உட்கார்ந்துவிட்டார்கள். சாம்பசிவனின் கோபம் முழுக்க ஏழாம் நம்பர் மேல் பாய்ந்தது.

“நீயாவது சாவியைக் குடுய்யா! போட்டோவைக் கழட்டு. ஓட்டையில சிமென்ட் வெச்சு அடை. திறப்பு விழாவுக்குச் சுவர் புதுசா இருக்கணும். எந்தப் படுபாவிய்யா இந்த ஊரைப் பொறுக்கினான்?”

ஏசுபாதம் இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு வரவில்லையா, விரல் வரவில்லையா தெரியவில்லை. ஒரு நாள் கூட ஆகவில்லை, அதற்குள் இந்த வாசல்படியின் உயரம் அவர் காலுக்குப் பழகிவிட்டிருந்தது. விட்டுப் போக மனசே இல்லை. “மேரி, எறக்கிடலாமா?” என்றார். செல்வமேரி சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு கார் திரும்பி வந்தது. கிட்டு இறங்கினார். “சார், ஏதாவது மறந்துட்டீங்களா?” என்று சாம்பசிவன் வழிமறிக்க ஓடினார். கிட்டு அவரைத் தாண்டிப் போய், செல்வமேரி முன்னால் நின்று ஃபைலைத் திறந்தார். உள்ளே கட்டுக் கட்டாகப் போஸ்ட் கார்டுகள்.

“செல்வமேரி அம்மா, ‘பெரிய மனுஷாள் பார்க்க வந்தாத்தான் எங்க ஊர்ல பூட்டைத் திறப்பாங்க, ஒரே ஒரு நாள் வாங்க’ன்னு வாரா வாரம் நீங்க டெல்லிக்கு எழுதினதையெல்லாம் நான்தான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன், அந்த ஆணி அங்கேயே இருக்கட்டும்னு தலைவர் சொல்லிட்டு வரச் சொன்னாங்க!”