நான் கச்சல் என்றது வாழைக்காயை

தமிழ் படித்தவனுக்கு எங்கே பேசக்கூடாது என்பது மட்டும் தெரிவதேயில்லை. நானே சாட்சி.

எழுபதுகளில், புதிதாகத் தமிழாசிரியர் ஆன கையோடு வடக்குப்பட்டுக்குப் பெண் பார்க்கப் போனேன். ஏற்கெனவே நாலு இடம் என் வாயால் தட்டிப் போயிருந்தது. "இதையாவது கெடுக்காதடா" என்று அம்மா பஸ்ஸிலேயே கெஞ்சினாள். (அப்போது என் எடை நாற்பத்தைந்து கிலோ. அதில் மூக்குக்கண்ணாடி ஒரு கிலோ.)

பஜ்ஜி வந்தது. கடித்தேன். உள்ளே வாழைக்காய் விரல் பருமன்தான். அதே நேரம் காபியோடு பெண் வந்து நின்றாள். நான் நிமிரவில்லை. பஜ்ஜியையே பார்த்து, "ஆகா, கச்சல்!" என்றேன்.

வாழைப்பிஞ்சுக்குக் கச்சல் என்று பெயர். ஒல்லிக்குச்சி ஆளையும் கச்சல் என்பார்கள் என்பது அந்த நொடியில் என் மண்டைக்கு எட்டவில்லை.

"இன்னாது?" பெண்ணின் அத்தை எழுந்தாள். "எங்க பொண்ணா கச்சலு?"

"ஐயோ, இல்லீங்க! பிஞ்சைச் சொன்னேன். பலாவுக்கு மூசு, மாவுக்கு வடு..."

"மூஞ்சில வடுவா? எங்க கீது, காட்டு பாப்போம்!"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அதோடு விட்டிருக்கலாம். பிஞ்சுதானே வம்பு, தண்டுக்குத் தாவிவிடுவோம் என்று தோன்றியது எனக்கு. "அதை விடுங்க. நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்துக்குத் தட்டை..."

தட்டை என்றதும் வீட்டிலிருந்த பெண்கள் மொத்தப் பேரும் எழுந்துவிட்டார்கள். அம்மா பையை எடுத்துக்கொண்டாள். ஐந்தாவது இடமும் போச்சு! நிமிர்ந்து பார்த்தால் பெண் அத்தனை லட்சணம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அத்தே, சும்மா இரு" என்றாள் பெண். "அவரு பஜ்ஜியத்தான் சொன்னாரு. நாந்தான் அவசரத்துல பிஞ்சாப் பறிச்சாந்துட்டேன்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லாத்துக்கும் பேரு வச்சிகிறீங்களே, இந்த ஒடம்புக்கு இன்னா பேரு சார்?"

நான் கையிலிருந்த பாதி பஜ்ஜியைத் தூக்கிக் காட்டினேன். அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தையில் கல்யாணம். பெண் வீட்டார் போட்ட ஒரே நிபந்தனை, மாப்பிள்ளை மேடையில் வாயைத் திறக்கக்கூடாது.

எங்களுக்கு இரண்டு பையன்கள். இரண்டு பேருக்கும் பெண் பார்க்க என் மனைவி தலைமையில் வேன் கிளம்பியது. இரண்டு தடவையும் என்னைச் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் இறக்கிவிட்டு, "டீ குடிச்சிகினு இருங்க, முடிச்சிட்டு வந்துடறோம்" என்று போய்விட்டார்கள்.