தலைக்கறி ஆர்டர் கொடுத்தவர்

இனிமேல் எந்த விஷயத்திலும் தீர்மானம் தன்னுடையதுதான் என்று லைன் இன்ஸ்பெக்டர் ரசலையன் முடிவு செய்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அவர் போட்டியிடும் திருச்சபை கமிட்டித் தேர்தலுக்குச் சரியாக எட்டு நாள் இருந்தது.

அது பவர்கட் காலம். மார்த்தாண்டத்தில் பாதி ஊருக்குக் கரண்டை நிறுத்துவதும் கொடுப்பதும் ரசலையனின் கை. வீட்டில் ஃபேன் எத்தனையில் சுற்ற வேண்டும் என்பதை மட்டும் அவர் மனைவி நேசம்மாள் சொல்லுவாள். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். இந்த ரகசியம் சபையில் ஒருவருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தவர் ரசலையன் ஒருவர்தான்.

பக்கத்து வீட்டுச் செல்வதாஸ் வந்துதான் அந்த நம்பிக்கையைக் கெடுத்தார். செல்வதாஸ் பாடகர் குழுவில் கனத்த குரல்காரர். அவர் வாயைத் திறந்தால் ஐம்பது ஓட்டு அந்தப் பக்கம் போகும், அல்லது இந்தப் பக்கம் வரும்.

“ஓய், ஆளு நல்ல ஆளுதான். ஆனா ஒரு மீனு வாங்கணும்னாலும் பெஞ்சாதிக்க மொகத்தப் பாக்குத மனுசன், கமிட்டியிலே இருந்து என்னத்தத் தீர்மானிக்கப் போறாருன்னு கேக்காவ.”

“யாரு கேக்கா?” ரசலையன் எழுந்தே விட்டார். “நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் நீரும் வாரும். புதுசாத் திறந்திருக்குத ஏசி ஓட்டல்ல சாப்பாடு. அவ ஒண்ணு சொல்லட்டும், நான் நேர் எதிரா ஆர்டர் குடுக்கேன். ஒம்ம கண்ணாலே பாத்துட்டுப் போயி அம்பது பேருட்டயும் சொல்லும்!”

அடுக்களையில் நேசம்மாள் மீன் கழுவுகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட்டலில் இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் கணவனும் மனைவியும், அந்தப் பக்கம் சாட்சியாகச் செல்வதாஸ். பரிமாறுகிற சூசை, நரைத்த மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு, காகிதமும் பேனாவுமாக வந்து நின்றார்.

“இஞ்ச பாருங்க, தலைக்கறி மட்டும் சொல்லிராதேங்க. ஒரே முள்ளாக்கும்” என்றாள் நேசம்மாள், மெனு அட்டையைத் தொடாமலே.

ரசலையன் செல்வதாஸைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“நெய்மீன் தலைக்கறி ஒண்ணு. நல்ல பெரிய தலையாட்டு!”

“அதுக்கு மரச்சீனி எல்லாம் வேண்டாம். மத்தியானம் கிழங்கு தின்னா வாயு.”

“மரச்சீனி ரெண்டு பிளேட்டு!”

“கணவாய் மீனு ஒங்களுக்க பல்லுக்கு ஆகாது.”

“பொரிச்ச கணவாய் ஒண்ணு! மொறுமொறுன்னு இருக்கணும்!”

மூன்றுக்கு மூன்று. செல்வதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரசலையனுக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது போலிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் இவ்வளவு சத்தமாக மனைவி முன்னால் பேசியது, திருமண உடன்படிக்கை சொன்ன அன்றைக்கு மட்டும்தான்.

அப்போது பக்கத்து மேஜைக்குப் பொரித்த கோழி வந்தது. கருவேப்பிலை போட்டுப் பொரித்தது. உண்மையைச் சொன்னால், போதகர் பிரசங்கத்தின் இரண்டாம் குறிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே ரசலையனின் மனம் இந்தக் கோழியிடம் வந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார்.

“கோழி வாங்குங்களேன்” என்றாள் நேசம்மாள் அன்பாக. “புரோட்டாவும் பொரிச்ச கோழியும்னா ஒங்களுக்கு உசிரு இல்லியா? எனக்கும் ஆசையாட்டு இருக்கு.”

திறந்த வாய் திறந்தபடி நின்றது. செல்வதாஸ் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் ஐம்பது ஓட்டு. இன்னொரு பக்கம் ஒரு கோழிக்கால். ரசலையனின் வயிற்றுக்குள் ஒரு தேர்தல் நடந்தது. கோழிக்கால் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது.

“கோழி... வேண்டாம்” என்றார்.

“அப்போ சாருக்கு?” என்றார் சூசை.

“அவிய இஷ்டம்” என்றாள் நேசம்மாள். “கெழவன்மாரப் போல சோறும் ரசமும் மட்டும் கேக்காம இருந்தாச் சரி.”

ரசலையன் கண்ணை மூடிக்கொண்டார்.

“சோறு! ரசம்!”

ஐந்தே நிமிஷம். எல்லாம் ஆவி பறக்க வந்து இறங்கின. முன்னாலேயே வந்தவர்கள் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்க, இவர் மேஜை நிறைந்துவிட்டது.

“பாத்தீரா ஓய்? நம்ம ஒரு வார்த்த சொன்னா அடுப்பே பேடிச்சு நடுங்கும்” என்றார் ரசலையன், ரசத்தை உறிஞ்சியபடி. ரசத்தில் உப்புக்கூடக் கம்மி. ஆனாலும் ஜெயித்தவனுடைய ரசம் அல்லவா!

நேசம்மாள் கடலோர ராஜாக்கமங்கலத்துக்காரி. நெய்மீன் தலையை எங்கே பிளந்தால் எங்கே சதை வரும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கன்னச்சதையை எடுத்து மரச்சீனியோடு சேர்த்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். தண்டனை அனுபவிப்பவள் போலவே தெரியவில்லை.

செல்வதாஸ் கணவாயை மெல்லுவதை நிறுத்தினார்.

“சூசை, இஞ்ச வாரும். போன வியாழக்கிழம நான் தலைக்கறி கேட்டதுக்கு, காலையிலேயே சொல்லி வச்சாத்தான் உண்டு, முட்டத்திலே இருந்து மீனு வரணும்னு சொல்லித் திருப்பி விட்டீரு. இன்னைக்கு மட்டும் அஞ்சு நிமிசத்திலே எப்படி வந்துது?”

“இதும் காலையிலே சொன்னதுதான் சார்” என்றார் சூசை. “அக்கா ஏழு மணிக்கே போன் பண்ணியாச்சு. தலைக்கறி, மரச்சீனி, கணவாய், ஒரு சோறும் ரசமும். சாரு கேக்கும்போ எழுதுத மாதிரி நிக்கணும்னும் சொன்னாவ. கோழி வேண்டாமான்னு நானாக்கும் கேட்டேன். சாருக்கு ஆசை உண்டு, ஆனா கேக்க மாட்டாவன்னு சொல்லிட்டாவ.”

செல்வதாஸ் சிரித்தார். பாடகர் குழுவின் கனத்த குரல் அல்லவா, ஓட்டல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ரசலையனுக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அதற்கெல்லாம் நடுவில், இப்படி ஒரு மூளைக்காரி ஊரில் வேறு எவனுக்கு வாய்த்திருக்கிறாள் என்று ஒரு பெருமையும் எட்டிப்பார்த்தது. அதை வெளியே காட்டினால் மிச்சமிருக்கிற மானமும் போய்விடும். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“நான் தேர்தல்ல நிக்கல்ல! நாளைக்கே மனுவ வாபஸ் வாங்குதேன்!”

நேசம்மாள் பெருவிரலில் ஒட்டியிருந்த குழம்பைச் சாவகாசமாக நக்கினாள்.

“அதாக்கும் நல்லது. ஒங்களுக்கு எதுக்கு இந்தக் கமிட்டியும் கூட்டமும்? நிக்காண்டாம்.”

செல்வதாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசலையனின் முகத்தைப் பார்த்தார். சூசையும் பார்த்தார்.

“நிப்பேன்!” என்றார் ரசலையன்.