இடது பக்கம் இழுத்த கார்

பல்லடம் ரோடு, திருப்பூர்
10.1.2007

பெருமதிப்பிற்குரிய கந்தப்பன் மாமா அவர்களுக்கு, மருமகள் மைதிலி பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான், பூனை எல்லோரும் நலம். காரும் நலம். காரின் நலம் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு "ம்", "சரிங்க மாமா" என்ற இரண்டுக்கு மேல் வராது. அப்பா பேசினால் சண்டையில் போய் முடியும். "பி.காம். படிச்ச புள்ள ஊட்ல இருக்கறப்ப நான் எதுக்குக் கத்தோணும்? மச்சான் மக கோகிலா கல்யாணத்துக்கு அவங்க கார் வேண்டாம், நாங்க எங்க கார்லயே வர்றோம்னு மரியாதையா எழுது கண்ணு" என்றார். எழுதிவிட்டேன். நடந்ததையும் எழுதினால்தான் உங்களுக்கு நம்பிக்கை வரும்.

போன ஞாயிறு மங்கலத்திலிருந்து திரும்பும் வழியில் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து புகை வந்தது. கார் நின்றதும் அம்மா இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது, "இனி அந்த வண்டில ஏறுனா நான் கந்தப்பன் தங்கச்சியே இல்லீங்க" என்று சொல்லி முடித்துவிட்டார். செய்தி தெரிந்து நீங்கள் போன் செய்து, "அந்த டப்பாவ எடைக்குப் போடுங்க மாப்ள, நான் கார் அனுப்பறேன்" என்றீர்கள். அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை மாமா. டப்பா என்றதற்காக அல்ல. அது நீங்கள் கொடுத்த கார், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். "சீர்த்தட்டு எடுத்துக்கிட்டு மச்சான் வாசல்ல, மச்சான் கார்லயே போய் எறங்குனா நான் விருந்தாளியா, டெலிவரி பண்ற பார்சலா?" என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் கார் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருந்தால் செக்கிங்கில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் அல்லவா, அதை அப்பா தன் பனியன் யூனிட்டிலிருந்து கொண்டுவந்து காரில் கண்ட குறைக்கெல்லாம் ஒட்டிவிட்டார். கதவுக் கீறலில் ஒன்று, பம்பர் நசுங்கலில் மூன்று, சீட் கிழிசலில் ஒன்று. நான் பள்ளியில் படித்தபோது பின்கண்ணாடியில் ஒட்டிய வண்ணத்துப்பூச்சிக்கும் ஒன்று. அதை மட்டும் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டேன்.

மெக்கானிக் அந்தோணிராஜ் தூத்துக்குடிக்காரர். வந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்கு அம்மை போட்டிருக்கு?"

"டிஃபெக்டுங்க. நூறு பெர்சென்ட் செக்கிங்."

"நீங்க ஒட்டுனது பூரா பெயிண்டு. ஒத்த ஸ்டிக்கராவது பிரேக்குல ஒட்டிருக்கியளா?"

சக்கரங்களைக் கழற்றி எங்களையும் குனியச் சொன்னார். காரின் அடியில் ஓடும் இரும்புக் குழாய்க்கும், திரும்பி ஆடுகிற சக்கரத்துக்கும் நடுவே வளைந்து கொடுக்க ஒரு ரப்பர் ஹோஸ் இருக்கிறது. மிதிக்கும் பிரேக் அதற்குள் எண்ணெயாகப் போய்த்தான் சக்கரத்தைப் பிடிக்கிறதாம். வலது ஹோஸ் நெடுக வெடிப்பு. இடது ஹோஸ் வெளியே வழவழவென்று இருந்தது. "இது பாஸ்" என்றார் அப்பா.

வாசலில் நின்ற அம்மா அதுவரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "பனியன உள்பக்கம் திருப்பாமயே பாஸ் பண்ணுவீங்களா?" என்றார்.

அந்தோணிராஜ் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கிழித்தார். உள்ளே ரப்பர் வீங்கி, துளை ஊசி நுழையும் அளவுக்கு அடைத்திருந்தது. "பாத்தியளா? மிதிச்சா எண்ணெய் போயிரும், காலை எடுத்தா திரும்பி வராது. அதான் பிரேக்கு பிடிச்சது பிடிச்சபடியே ஓடிருக்கு."

"எங்க அண்டா மச்சான் ஊட்டுக்கு எரவல் போன மாதிரி" என்றார் அப்பா. மன்னிக்கவும் மாமா, அவர் சொன்னதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கார் யூனிட் ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் கரிந்த வாடை அடிக்கும். அப்பா இறங்கிய கையோடு பனியன் தேய்க்கும் அயர்ன் மாஸ்டர் முனீஸைத்தான் திட்டுவார். "சாமி சத்தியமா நான் எதையும் கருக்கலீங்க முதலாளி" என்று அவர் எத்தனை முறை அழாத குறையாகச் சொல்லியிருப்பார். மார்கழிக் குளிரில் பூனை அந்தச் சக்கரத்தை ஒட்டியே படுத்திருக்கும். அதற்கு மட்டும் உண்மை தெரிந்திருக்கிறது.

கார் எப்போதும் இடது பக்கம் இழுத்ததும் இதனால்தான். நாங்கள் அப்படியா நினைத்தோம்? அவிநாசிபாளையம் தாண்டி அப்பா பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், இடது பக்கம் உங்கள் வீட்டுக்குப் போகும் தடத்தில் தானாகத் திரும்பும். "மாமன் ஊடு வண்டிக்கே தெரியுது பாரு கண்ணு" என்பார். பழைய முதலாளியை மறக்காத கார் என்று நான் ஹாஸ்டலில் தோழிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். என்னை முதன்முதலாக ஹாஸ்டலில் விட கோயமுத்தூர் வரை அப்பா ஓட்டி வந்தார். இறங்கி என் பெட்டியை எடுத்துக் கொடுத்தபோது அவர் வலது கை நடுங்கியது. பிரிவுத் துயரம் என்று நான் அன்று முழுக்க அழுதேன். ஸ்டீயரிங்கை வலது பக்கமே இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்த கை அது என்று இப்போது தெரிகிறது. தெரிந்தாலும் நான் பழையபடியே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு பக்கமும் புது ஹோஸ், புது செம்பு வாஷர் போட்டாயிற்று. உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். அப்பா ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டதால், என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார்கள். "மிதிம்மா... பிடிச்சுக்கோ... விடு" என்று அந்தோணிராஜ் கீழிருந்து சொல்லச் சொல்ல மிதித்தேன். சின்ன வயதில் உங்கள் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்த அதே இடம் மாமா. அன்று கால் எட்டவில்லை.

கடைசியில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸ் டயரில் உரசவில்லை என்று காட்டினார். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே தயவுசெய்து கார் அனுப்ப வேண்டாம். எங்கள் காரிலேயே, அம்மா சீர்த்தட்டோடு, உங்கள் வாசலில் இறங்குவோம். அத்தைக்கு வணக்கம், கோகிலாவுக்கு முத்தம். போட்ட பந்தல் நனையாமல், வந்த சொந்தம் கோணாமல் கல்யாணம் நடக்கட்டும்.

அன்பு மருமகள்,
பெ. மைதிலி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடவே மூவரும் காரில் கிளம்பினோம். கார் நேராகப் போகிறது மாமா. அப்பாதான் நேராகப் போகவில்லை. இத்தனை வருடம் வலது பக்கம் இழுத்தே பழகிய கை, காரை எதிர் வரிசைக்கே கொண்டுபோனது. பல்லடம் பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏனுங்க, அந்தப் பக்கம் ரோட்ட வெலைக்கு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். பிரேக் பிரமாதமாகப் பிடித்தது. அம்மா டேஷ்போர்டில் மிச்சமிருந்த சிவப்பு அம்பு ஒன்றை உரித்து, அப்பாவின் சட்டைப்பையில் ஒட்டினார். "வண்டி பாஸ். இந்தப் பீஸ் ரிஜெக்ட்." அப்பா ரோட்டோரம் நிறுத்தி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "கை பழகறதுக்குள்ள கல்யாணம் வந்துரும் கண்ணு, நீயே மாமனுக்கு எழுதிரு" என்றார்.

எனவே கார் வேண்டாம், உங்கள் டிரைவரை மட்டும் அனுப்புங்கள். அவரிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள் மாமா: அவிநாசிபாளையம் தாண்டினால் வீடு இடது பக்கம். கார் இனித் தானாகத் திரும்பாது.