லினக்ஸில் எதுவும் ஓடாது

ஞாயிறு காலை பத்து மணி. கம்ப்யூட்டர் ஒன்று, நாற்காலி ஒன்று, அதில் உட்கார்ந்திருப்பவன் சரண்.

சரண் என் மனைவி தாட்சாயிணியின் தம்பி. நெமிலிச்சேரியிலிருந்து கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஞாயிறு தவறாமல் வருவான். அக்காவைப் பார்க்க வருவதாகச் சொல்வான். பார்ப்பது என் கிராஃபிக்ஸ் கார்டை. அவன் வீட்டிலும் கம்ப்யூட்டர் உண்டு. பெரிய கேம்களுக்கு வேண்டிய அந்தக் கார்டுதான் அதில் கிடையாது. மைத்துனன் வந்தால் பிரியாணி கொடுக்க வேண்டும், நாற்காலியையும் கொடுக்க வேண்டும். மாலை வரை அவன் ஆன்லைனில் முகம் தெரியாத ஆட்களைச் சுடுவான். நான் பக்கத்தில் நின்று காபி டம்ளர் எடுத்துப் போவேன்.

என் தேவை சிறியது. எனக்கு லாரி ஓட்ட வேண்டும். கேமில்தான். ஆறு நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு சோதிப்பவனுக்கு, ஏழாம் நாள் பெரிய லாரியில் பனிமலை ஏறினால்தான் மூச்சு வரும்.

“ஆவடி செக்போஸ்ட்டாண்ட ஸ்கூட்டரையே எறங்கித் தள்ளிக்கினு வர்ற ஆளு. அங்க போயி இன்னா லாரி?” என்பது தாட்சாயிணியின் கருத்து.

சென்ற அக்டோபரில் சபதம் செய்தேன். வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸை விட்டு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறும்.

வெளியே சொன்ன காரணம் ஊரறிந்தது. பழைய விண்டோஸுக்கு ஆதரவு நின்றுவிட்டது. புதிய விண்டோஸ் எங்கள் மிஷினை மதிக்கவில்லை. உள்ளே இருந்த காரணம் வேறு.

ஒரு காலத்தில் லினக்ஸில் கேம் என்றால் சீட்டு அடுக்கலாம், அவ்வளவுதான். இன்று நிலைமை அப்படியில்லை. விண்டோஸுக்காகச் செய்த கேம்களை லினக்ஸ் தன் பிள்ளைபோல் ஓட்டுகிறது. பெரும்பாலானவை முதல் கிளிக்கிலேயே கிளம்பிவிடும். சில கேம்கள் விண்டோஸில் இருந்ததைவிட இங்கே சுகமாக இருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். ஆனால் அடம்பிடிக்கும் ரகம் ஒன்று உண்டு. கும்பலாக ஆன்லைனில் சுட்டுக்கொள்ளும் கேம்கள். கள்ளாட்டம் ஆடுபவர்களைப் பிடிக்க அவற்றில் ஒரு காவல் புரோகிராம் இருக்கும். அது கம்ப்யூட்டரின் அடிவயிறு வரை சோதனை போடும். லினக்ஸ் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆகவே கேம் ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இந்த ஒரு குறைக்காக உலகமெங்கும் லினக்ஸ் ரசிகர்கள் புலம்புகிறார்கள். கைதட்டியவன் நான் ஒருவன்தான்.

பக்கத்து வீட்டு நூர் முகமது ஆவடி மார்க்கெட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். அவரைப் பிடித்தேன்.

“பாய், என் லாரி ஓடணும். மச்சானோட துப்பாக்கி வெடிக்கக் கூடாது.”

“லினக்ஸ்ல நெலமையே அதான் அண்ணாத்தே. உங்க லாரி சும்மா பறக்கும். அவரு கேமு கேட்டாண்டையே நின்னுடும்.”

“ஊட்ல சொல்லாதீங்க.”

“எந்த ஊட்ல?”

“ரெண்டு ஊட்லயும்.”

நவம்பர் முதல் ஞாயிறு. சரண் உட்கார்ந்தான், கிளிக் செய்தான், முகத்தைச் சுருக்கினான்.

“மாமா, இன்னா இது? உள்ளயே வுட மாட்டேங்குது!”

“லினக்ஸ் மச்சான். பாதுகாப்பு.”

“யாருக்கு?”

“பொதுவா.”

“சரி வுடு. அந்தக் கார் ரேஸாவது போடு.”

இங்கேதான் சறுக்கினேன். கார் ரேஸ் லினக்ஸில் அருமையாக ஓடும். ஓடினால் நாற்காலி போயிற்று.

“அதுவும் ஓடாது.”

“கிரிக்கெட்டு?”

“லினக்ஸ்ல எந்த கேமும் ஓடாது மச்சான். ஆபீஸ் வேலைக்குன்னே செஞ்சது.”

அடுக்களையிலிருந்து தாட்சாயிணி எட்டிப் பார்த்தாள்.

“எதுவுமே ஓடாதா?”

“எதுவுமே.”

“உங்க லாரி?”

“அதுவும் போச்சு,” என்றேன். குரலில் கொஞ்சம் துக்கம் சேர்த்துக்கொண்டேன்.

“அய்யோ பாவம்,” என்றாள்.

பிரியாணி முடிந்ததும் சரண் கிளம்பிவிட்டான். அந்த வாரம் தாட்சாயிணி கோயிலுக்குப் போன நேரமெல்லாம் லாரி ஓட்டினேன். அவளுக்கு இன்னும் கொஞ்சம் பக்தி இருக்கலாம் என்று பட்டது.

அடுத்த ஞாயிறு சரண் மறுபடி வந்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

“இன்னா மச்சான் இது?”

“அக்காதான் எட்த்துக்கினு வரச் சொல்லிச்சு.”

தாட்சாயிணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள். “கேமே ஓடாத மிஷினுக்கு அந்தக் கார்டு எதுக்குங்க? சும்மாதானே கீது. தம்பி கழட்டிக்கினு போவட்டும். அவன் ஊட்லயே ஆடிக்குவான். உங்களுக்கும் தொல்லை வுட்டுச்சு.”

நான் கம்ப்யூட்டரை மறைத்து நின்றேன். “கார்டு இல்லேன்னா ஸ்கிரீனே வராது தாட்சா.”

அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். “பாய், கார்டு இல்லாம ஸ்கிரீன் வருமா?”

எதிர்முனையில் நூர் முகமது இருமினார். பிறகு நூர் முகமதுவின் மனைவி மஹீராவின் குரல் கேட்டது. “அக்கா கேக்குதுல்ல, சொல்லுங்களேன்.”

“வரும் அண்ணி,” என்றார் நூர் முகமது, ஈனஸ்வரத்தில். “போர்டுலயே கீது. ஆபீஸ் வேலைக்கு அதுவே தாராளம்.”

“கார்டு இருந்தா ஸ்ப்ரெட்ஷீட் வேகமா ஓடும்,” என்றேன் நான்.

“வேகமா ஓடி எங்க போவப் போவுது?”

சரண் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தான். தாட்சாயிணி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“இல்ல, எதுனா கேம் ஓடும்னா இப்பவே சொல்லிடுங்க. கார்டு இங்கயே கெடக்கட்டும். தம்பி வாராவாரம் வந்து ஆடிட்டுப் போவட்டும். மொட்டைமாடியில துணி காயப்போட்றப்ப மஹீரா சொல்லிச்சு, பாய் அதே லினக்ஸ்ல கார் ரேஸ் ஆட்றாராம். கிரிக்கெட்டும் ஆட்றாராம். நேத்து லாரி கூட ஓட்னாராம். நம்ம மிஷின் மட்டும் ஏன் இப்டி ஆயிட்ச்சுன்னுதான் புரியல.”

அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் கார்டு தங்கும், நாற்காலி போகும். பொய்யில் நின்றால் நாற்காலி தங்கும், கார்டு போகும். இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமை லாரி இல்லை. பொய்யில் நின்றால் மானமாவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன்.

“எதுவும் ஓடாது,” என்றேன்.

“மாமா, கொஞ்சம் டார்ச் புடி,” என்றான் சரண்.

பிடித்தேன். சாக்கடையில் விழுந்த பூனைக்குட்டியை எடுப்பதுபோல் கார்டை வெளியே எடுத்தான். தாட்சாயிணி அதைப் பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தாள். அன்று மதியம் நாற்காலி முழுக்க என்னுடையதாக இருந்தது. வெறும் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

2026 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, நெமிலிச்சேரியில் சரண் வீட்டுக் கம்ப்யூட்டரில் துப்பாக்கிக்கு விண்டோஸை விட்டுவைத்து, தாட்சாயிணி சொன்னபடி பக்கத்திலேயே லினக்ஸும் போட்டுக் கொடுத்தார் நூர் முகமது. முதல் லாரியை ஓட்டியவள் தாட்சாயிணி, என் கேம் கணக்கில், என் பாஸ்வேர்டில்.